பிரெஞ்சுக்காரிகளும் ஏழு பெரட்டுப் புத்தகங்களும்

அலோர் ஸ்டாரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரெஞ்சு மொழியில் முதன்முதலாக அறிவியல் கதை எழுதிய பெண்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. பிரான்சை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. சுங்கைப்பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கிராணியாக, குமாஸ்தா வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வாசகர் வட்டத்துக்கு வந்திருந்த இருபது முப்பது பேரும் நன்றாகவே கைதட்டினார்கள். ஒரு பெரியவர் எழுந்து, "இந்த மாதிரி பொம்பளைங்க நம்ம தமிழ்லயும் இருந்திருப்பாங்களா?" என்று கேட்டார். "தேடினால் கிடைப்பார்கள்" என்று பெரிய அறிவாளி மாதிரி பதில் சொன்னேன். நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கோலா கெத்திலில் ஒருத்தியைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். என் கைப்பேசி சத்தம் அணைக்கப்பட்டுக் கைப்பையில் கிடந்தது.

அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரிகளும் கூடவே வருவார்கள். அவர்களைத் தேடிப் போனதில்தான் இவளைத் தவறவிட்டேன்.

நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சொந்த அக்கா இல்லை. கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள் நாங்கள்; அவள் எனக்கு ஆறு வயது மூத்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தாள். பிறகு பால்மரம் வெட்டினாள், ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்த பிறகு முதுகில் தோம்பு என்கிற மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடித்தாள். அவள் கணவர் அதே தோட்டத்தில் மண்டோர். விடியற்காலையில் ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் குறிப்பது அவர் வேலை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். குறித்துக்கொள்ள நீளமான, ஒடுங்கலான ஒரு புத்தகம் கொடுப்பார்கள். வருடம் முடிந்தால் பாதிப் பக்கம் காலியாக இருக்கும்போதே புதுப் புத்தகம் வந்துவிடும். பழையதை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அட்டையில் அவர் பெயரும் தோட்டத்துப் பிரிவு எண்ணும் முத்து முத்தான எழுத்தில் இருக்கும். முன்பக்கங்களில் ஆட்களின் பெயர்கள், கட்டங்கள், சரிக்குறிகள். அந்தக் குறிகள் எங்கே முடிந்தனவோ அங்கிருந்து அக்கா எழுத ஆரம்பிப்பாள்.

அவள் எழுதியவை அறிவியல் கதைகள். அப்படி ஒரு வகை இருப்பதே அவளுக்குத் தெரியாது. முதல் கதையில் ஒரு பெண் விடியற்காலையில் மரம் வெட்டுகிறாள். பால் கீழே மங்குக் கிண்ணத்துக்குள் இறங்காமல் பட்டையோடு மேலே ஏறுகிறது. அடுத்த மரத்திலும் அப்படியே. பூமியின் இழுப்பு அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் தலைகீழாகிவிட்டது. வேலையை மேற்பார்க்கிற தண்டல் வந்து, "பால் எங்க?" என்று கேட்கிறார். அவள் வானத்தைக் காட்டுகிறாள். இதை எழுதியவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து சோறாக்கிவிட்டு வேலைக்குப் போனவள்.

அந்தக் கதை ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரில் வந்தது. கணவர் பெயரில் வந்தது. அடுத்தடுத்து ஏழெட்டுக் கதைகள், எல்லாம் அவர் பெயரில்தான். எனக்கும் முதலில் தெரியாது. ஒரு திருவிழாவில் அவரைப் பார்த்து, "மாமா, கதை ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அத உங்க அக்காகிட்ட சொல்லும்மா" என்றார். காது வரைக்கும் சிவந்துவிட்டது அந்த மனிதருக்கு. ஒவ்வொரு கதை வரும்போதும் ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டுக்கடைப் பக்கம் தலைகாட்ட மாட்டாராம். யாராவது பாராட்டிவிடுவார்களே என்று பயம். இதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரிப்பாள்.

"உங்க பேர்லயே அனுப்பியிருக்கலாமே?" என்று அன்றைக்கே அக்காவிடம் கேட்டேன்.

"போ லா. தோட்டத்துல பொம்பள பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா யாரு செத்தான்னுதான் கேப்பாங்க."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான். அதைக் காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தினமும் நினைக்கிறேன்.

கணவர் இறந்த பிறகு கதைகள் நின்றன. எழுத்தாளர் போய்விட்டார், கதையும் போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. அக்கா கோலா கெத்தில் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு எடுத்துத் தனியாக இருந்தாள். ஒரே மகனுக்குக் கூலிமில் தொழிற்சாலையில் வேலை. மனைவி, மகளோடு அங்கேயே இருந்தான். பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று தடவை சுங்கைப்பட்டாணியில் ரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். இரண்டு தடவை வேன் ஏற்றிக்கொண்டு போகும். புதன்கிழமை நானே என் காடியை ஓட்டிக் கூட்டிப் போவேன்.

ஒரு புதன்கிழமை, ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஒரு நாவல் எழுதி முடிச்சிருக்கேன். ஏழு பெரட்டுப் புத்தகம். உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் ஏழு புத்தகம் எழுதியிருக்கிறாள்.

"யார் பேர்ல போடறது?" என்றேன், கேலியாகத்தான்.

அவள் சிரிக்கவில்லை. "என் பேர்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் பேரு வரணும். அதப் பாத்துட்டுப் போனா போதும்."

ஏழையும் சேர்த்துத் தரமாட்டேன் என்றாள். ஒன்றை நான் தட்டச்சு செய்து தாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவள் திருத்திய பிறகு அடுத்தது கிடைக்கும். "மொத்தமா குடுத்தா நீ எங்கயாச்சும் மழையில போட்ருவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?" என்றாள். மற்றவை சாமி ரூமில் மஞ்சள் துணியில் கட்டி இருந்தன. யாரும் கைவைக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்று அங்கே வைத்திருந்தாள்.

முதல் புத்தகத்தை மூன்று வாரத்தில் முடித்தேன். அப்படி ஒரு கதையை நான் அதற்கு முன்னே படித்ததில்லை. வேறொரு கோளில் ஒரு தோட்டம். அங்கே இரண்டு சூரியன். நிழல் இரண்டாக விழும். மூன்று வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஆட்களைக் கப்பலில் ஏற்றிப் போகிறார்கள். கப்பல் போய்ச் சேர்வதற்குள் இங்கே அனுப்பிவைத்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருப்பார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அங்கே பெரட்டு எடுப்பது ஓர் இயந்திரக் குரல். எண்களைக் கூப்பிடும். கப்பலிலேயே இறந்துபோன பெண்களின் எண்களையும் கூப்பிடும், ஏனென்றால் அதன் கணக்கில் யாரும் சாவதில்லை. மருந்து அடிக்கிற ஒருத்தி, இறந்தவர்களின் எண்கள் வரும்போதெல்லாம் குரலை மாற்றி மாற்றி "இருக்கேன்" என்று சொல்லத் தொடங்குகிறாள். முதலில் அவர்கள் பங்கு அரிசிக்காகச் சொல்கிறாள். பிறகு அவர்கள் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக. நாற்பது பெண்களுக்கு அவள் ஒருத்தியே பதில் சொல்கிறாள். முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவளுடைய சொந்த எண் கூப்பிடப்படுகிறது. குரலை மாற்றி மாற்றி, தன் குரல் எது என்று அவளுக்கு மறந்துவிட்டது. அந்த இடத்தில் புத்தகம் முடிகிறது.

"அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"ரெண்டாவது புத்தகத்துல இருக்கு. வந்து எடுத்துக்க."

அடுத்த வாரமே போய் எடுத்திருக்க வேண்டும். எடுத்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த வாரம்தான் வாசகர் வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏதாவது ஒரு அயல்மொழி இலக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். என்னை யாரும் மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னதில்லை. தலைகால் புரியவில்லை. அக்காவின் கதையைப் படித்த சூட்டில், இப்படி எழுதிய பெண்கள் உலகத்தில் வேறு யார் என்று கைப்பேசியில் துழாவிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம், பிரெஞ்சு என்று போய் அந்தப் பிரெஞ்சுப் பெண்களிடம் வந்து நின்றேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

மின்விளக்கு வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே வேறு கோள்களுக்குப் பயணம் போன கதையைப் பிரெஞ்சில் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். விஞ்ஞானம் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்பார்களே என்று, தேவதைக் கதை மாதிரி வேஷம் கட்டி எழுதியவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்களில் சிலர் ஆண் பெயரில் எழுதினார்கள். சிலர் பெயரே போடவில்லை. கணவர் பெயரில் வெளியானவையும் உண்டு. பத்திரிகையில் தொடராக வந்து, மறுநாள் அந்தத் தாளிலேயே மீன் கட்டிக் கொடுக்கப்பட்டிருக்கும். இந்த வகை எழுத்துக்கு அப்பன் யார் என்று வரலாறு எழுதியவர்கள் ஆண்களை மட்டும் வரிசையாக நிற்கவைத்தார்கள். இப்போதுதான் சிலர் தூசி தட்டி அந்தப் பெண்களை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போன அந்த முகம் தெரியாத பெண்களுக்காக அழக்கூட அழுதேன்.

எங்கள் புதன்கிழமைகள் பிரெஞ்சுக்காரிகளின் கிழமைகளாகிவிட்டன. இயந்திரம் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு படித்ததையெல்லாம் ஒப்பிப்பேன். அக்காவுக்கும் பிடித்திருந்தது. "நெலாவுக்குப் போனாளே, அவ வீட்டுல யாரு சோறாக்குனா?" என்று கேட்பாள். கணவர் பெயரில் எழுதியவர்களைப் பற்றிச் சொன்னபோது, "அவ்ளோ தூரத்துலயுமா?" என்றாள். பிறகு, "அந்தப் புருசன்மாருக்கு வெக்கமா இருந்துச்சாமா? எங்க வீட்டுக்காரர் மாதிரி?" என்று கேட்டாள். அதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்றேன்.

புத்தகத்தைப் பற்றி அவளாக நேரடியாகக் கேட்டது இரண்டு தடவைதான். முதல் தடவை, "அடிச்சுக் குடுத்தியே, அதத் திருத்தி வெச்சிருக்கேன். எப்ப வர?" என்றாள். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு கட்டுரையைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் வேறொன்று. கட்டுரைகள் முடிகிற வழியாக இல்லை. இரண்டாம் தடவை அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"இந்தப் பிரெஞ்சுக்காரிங்கள என்னா செய்யப் போற?"

"பேசப் போறேன்க்கா. அரை மணி நேரம்."

"அவளுங்க செத்து நூறு வருசமாச்சு, இருநூறு வருசமாச்சு. அவளுங்களுக்கு இவ்ளோ அவசரப்படுற. நான் இங்கதானே லா இருக்கேன், என்கிட்ட மட்டும் மெதுவா வர."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். "பேச்சு முடியட்டும்க்கா, அப்புறம் உங்க வேலைதான்" என்றேன். அப்போது அவள் கால்கள் வீங்கியிருந்தன. மூச்சு வாங்கியது. கண் இருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. இப்படியே ஐந்து மாதம் போனது.

அலோர் ஸ்டாரில் பேசி முடித்து, அங்கேயே சாப்பிட்டு, பாராட்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு, காடியில் ஏறியதும் கைப்பேசியை எடுத்தேன். பதினோரு அழைப்புகள். எல்லாம் அக்கா வீட்டு எண், அவள் மகன் எண். திருப்பிக் கூப்பிட்டேன்; விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று தெரியாது.

நான் போனபோது பெட்டி வாசலில் பந்தலுக்குக் கீழே திறந்து கிடந்தது. கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைக் கூடவே வைத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். என் சித்தப்பாவோடு அவருடைய சீட்டுக்கட்டு போனது. அக்காவின் காலடியில் ஒரு சேலை மடித்து வைத்திருந்தது, அவள் மூக்குக்கண்ணாடி இருந்தது, இடுப்புப் பக்கத்தில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. நான் வாங்கிப் போன மாலை பெரிதாக இருந்தது, வைக்க இடம் போதவில்லை. அந்தப் பொட்டலத்தைக் கையால் ஒதுக்கி உள்ளே தள்ளிவிட்டு மாலையை வைத்தேன். கனமாக இருந்தது. சாமிப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கணம்கூட அது மண்டையில் உறைக்கவில்லை.

வாய்க்கரிசி போட்டேன். மூடிவிட்டார்கள். சுடலைக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. வீட்டைக் கழுவிவிட நாங்கள் நின்றுகொண்டோம். அக்காவின் நாத்தனார், அதாவது மண்டோரின் தங்கை, தண்ணீர் ஊற்ற நான் துடைப்பத்தால் தள்ளினேன். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

"அண்ணிக்கு எங்கண்ணன் மேல எவ்ளோ பாசம் பாருங்க" என்றாள். "அண்ணன் போயி இத்தன வருசமாயும் அவரோட பெரட்டுப் புத்தகத்தையெல்லாம் சாமி ரூம்ல மஞ்சத் துணியில கட்டி வெச்சிருந்தாங்க. பிரிச்சுப் பாத்தேன். அண்ணன் கையெழுத்து. முன்னால ஆளுங்க பேரு, அவரு போட்ட டிக்கு. பாத்ததும் தாங்க முடியல. அண்ணி கூடவே போகட்டும்னு நாந்தான் வெச்சேன்."

துடைப்பத்தைக் கீழே போட்டேன். அவள் என்னைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள், துக்கம் தாங்காமல் நிற்கிறேன் என்று நினைத்து. அவளிடம் என்ன சொல்வது? அவள் செய்ததில் என்ன பிழை? பாதி தாண்டிப் புரட்டியிருந்தால் எழுத்து மாறுவதைப் பார்த்திருப்பாள். அழுதுகொண்டு இருப்பவள் எத்தனை பக்கம் புரட்டுவாள்? விஷயம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அந்தப் பொட்டலத்தைத் தொட்டேன். தொட்டு, உள்ளே தள்ளினேன்.

மகனுக்குப் போன் போட்டேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. கொள்ளி வைக்கிற மகன் போனை எங்கே வைத்திருப்பான்? ஈரக் காலோடு காடியை எடுத்துக்கொண்டு சுங்கைப்பட்டாணி மின்சுடலைக்கு ஓட்டினேன். வழியில் ஒரு பனைக்குலை லோரி. ஒற்றைச் சாலை, முந்த முடியவில்லை. காடி ஆரனை அமுக்கி அமுக்கிக் கை வலித்தது. கெட்ட வார்த்தையெல்லாம் வந்தது வாயில், லோரிக்காரனைத் திட்டவில்லை, என்னைத்தான்.

சுடலை வாசலில் ஆண்கள் கும்பலாக நின்றார்கள். ஒரு பெண் தனியாக வந்து இறங்குவதை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகன் குழாயடியில் நின்று, மொட்டைத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, பெட்டி..."

"பட்டன அமுக்கியாச்சு ஆன்ட்டி" என்றான். "இப்பத்தான். அஞ்சு நிமிசம் இருக்கும்."

மேலே பார்த்தேன். புகைபோக்கியிலிருந்து லேசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவை இவ்வளவு நேசித்தவரா என்று அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அழுதது அக்காவுக்காகவா, ஆறு புத்தகத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் எரிந்தன.

இரண்டாம் நாள் பத்திரிகையில் மரண அறிவிப்பு வந்தது. அக்காவின் படம், பெயர், அதற்குக் கீழே: "அமரர் எழுத்தாளர்" என்று போட்டு, மண்டோரின் பெயர் போட்டு, "அவர்களின் அன்புத் துணைவியார்". அவள் பெயர் பத்திரிகையில் வந்துவிட்டது. தோட்டத்தில் பொம்பள பேரு வந்தா யாரு செத்தான்னு கேப்பாங்க என்று சிரித்தாளே, அதே இடத்தில், அதே மாதிரி. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அக்கா வீட்டில் பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, முதல் பெரட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மகனிடம் போனேன். கூடத்துச் சுவரில் சட்டம் போட்ட பத்திரிகைத் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. பால் மேலே ஏறுகிற கதை. தலைப்புக்குக் கீழே அவன் அப்பா பெயர். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை, நான் ஐந்து மாதம் இழுத்தடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவன் புத்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவினான், முன்பக்கங்களைப் பார்த்தான், பிறகு அம்மாவின் எழுத்தைப் பார்த்தான்.

"அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருப்பாங்க ஆன்ட்டி."

"இது அப்பா போன பிறகு எழுதினது, தம்பி."

"அதுக்கு முன்னாடியே சொல்லியிருப்பாரு. அம்மா ஞாபகம் வெச்சு எழுதியிருப்பாங்க." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டான். "அம்மா எனக்கு ஒரு லெட்டர்கூட எழுதினதில்ல ஆன்ட்டி."

நான் தட்டச்சு செய்து கொடுத்து அக்கா திருத்திய தாள்கள் எங்கே என்று கேட்டேன். அலமாரியெல்லாம் ஒழித்தாகிவிட்டது, பழைய காகிதமெல்லாம் போட்டாகிவிட்டது என்றான். மற்ற ஆறு புத்தகத்தில் என்ன இருந்தது என்று கேட்டான். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தப் பெண் தன் எண்ணுக்குப் பதில் சொன்னாளா, இயந்திரம் கண்டுபிடித்ததா, யாராவது திரும்பி வந்தார்களா, எதுவும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடைசியில் அவன் உடைந்துவிட்டான். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம் ஆன்ட்டி. ஆனா இத இப்ப வெளிய சொன்னா எங்கப்பா திருடன்னு ஆயிடும். எம்மக ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் தாத்தா எழுத்தாளர்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. அம்மாவுக்கும் அது புடிக்குமா, சொல்லுங்க? அம்மா அப்பாவ எவ்ளோ... வேணாம் ஆன்ட்டி. அம்மா பேர எங்கயும் போடாதீங்க."

அந்த மனிதர் திருடன் இல்லை. அது எனக்குத் தெரியும், கதை வந்த ஒவ்வொரு வாரமும் வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டவர். ஆனால் அதைச் சொல்ல அக்காவும் இல்லை, அவரும் இல்லை. என் பேச்சை மட்டும் வைத்து யார் நம்புவார்கள்? அப்பாவின் பெயரை அழிக்கிறேன் என்று அந்தப் பையன் கண்ணீரோடு நிற்கும்போது என்னால் 'முடியாது' என்று சொல்ல முடியவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

வாசகர் வட்டத்திலிருந்து போன மாதம் மறுபடியும் அழைத்தார்கள். பிரெஞ்சுப் பெண்களைப் பற்றிப் பேசியதைக் கட்டுரையாக எழுதிக் கொடுங்கள், மலரில் போடுகிறோம் என்றார்கள். உட்கார்ந்தேன். அந்தப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன், பிழை இருக்கக் கூடாது என்று பலமுறை சரிபார்த்தேன். இரண்டு பக்கம் எழுதியதும் கை நின்றுவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுத ஆரம்பித்தேன். அவர்கள் பெயரை இதில் போடவில்லை. அக்காவின் பெயர் வராத இடத்தில் அவர்கள் பெயர் மட்டும் வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. அட்டையில் மண்டோரின் பெயர். உள்ளே, எண் கூப்பிடப்பட்டு ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள். தன் பெயர் ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்றுதான் அக்கா என்னிடம் கேட்டாள். இவ்வளவு நீளம் எழுதிவிட்டேன், அவள் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லை.